மாமல்லபுரம் டூர் கதைகளில் மாமல்லபுரம் எங்கே? சிறுபிராய நினைவுகளை எழுதுவது பற்றி ஒரு கேள்வி

நூலகப்பூனை:

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி வாசிக்கிறோம். இந்த மாதம் ஒரு மாறுதலுக்கு, ஆளுக்கொரு பள்ளிக்காலச் சுற்றுலாவை எழுதி எடுத்துவரச் சொல்லியிருந்தோம். கதையாகவும் இருக்கலாம், நடந்ததாகவும் இருக்கலாம். வந்தவற்றில் பாதிக்கு மேல் மாமல்லபுரம். சென்னையில் படித்தவர்களுக்கு அது இயல்புதானே. டூர் என்றால் மாமல்லபுரம், வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, முட்டுக்காடு படகு. அது இல்லாவிட்டால் எழும்பூர் மியூசியம், கிண்டி பாம்புப் பண்ணை.

எல்லாவற்றையும் படித்து முடித்ததும் எனக்கு ஒரு மனக்குறை. ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை, வாழை இலையில் கட்டிய புளியோதரை, பஸ்ஸில் பாட்டுக்குப் பாட்டு, திரும்பி வரும்போது தோளில் சாய்ந்து தூங்கிய தோழி, கடைசி வரியில் ‘அந்த நாட்கள் இனி வருமா’. ஒவ்வொன்றும் மனசிலிருந்து வந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாமல்லபுரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊட்டியை வைத்தால் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை. ஒரு கல் கிடையாது, ஒரு யானை கிடையாது. ஆயிரத்து முந்நூறு வருடங்களாக நிற்கிற ஒன்றின் முன்னால் பத்து வயதுப் பெண் ஒருத்தி போய் நின்றிருக்கிறாள். அவள் எதைப் பார்த்தாள் என்று யாருமே எழுதவில்லை.

இதை யோசித்துக்கொண்டேதான் போன ஞாயிற்றுக்கிழமை ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அர்ச்சுனன் தபசு முன்னால் ஒரு கைடு நன்றாகவே விளக்கிக்கொண்டிருந்தார். பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் தவம் இருக்கிறான் என்றும் சொல்வார்கள், பகீரதன் தவத்தால் கங்கை இறங்குகிறது என்றும் சொல்வார்கள் என்று இரண்டு பக்கமும் சொன்னார். கிட்டத்தட்ட 30 மீட்டர் அகலப் பாறை. என் மகன் கண் மேலே போகவே இல்லை. கீழே, பெரிய யானைக்கு முன்னால், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை இருக்கிறதே, அங்கேயே நின்றுவிட்டான். பூனையின் விலா எலும்பு தெரிகிறது, அதைச் சுற்றி எலிகள். ‘எலிங்க ஏம்மா ஓடாம நிக்குது?’ என்றான்.

அப்புறம் ஐந்து ரதம். பீம ரதத்தைச் சுற்றிவந்தவன் கீழ்ப்பகுதியில் செதுக்காமல் விட்ட கல்லைக் கண்டுபிடித்துவிட்டான். ‘இதை யார் முடிக்காம போனாங்க?’ என்று கேட்டான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, யார் என்று கேட்டான். பெரியவர்கள் தொடங்கியதும் பாதியில் நிற்கும் என்பதை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

என் கேள்வி இதுதான். பிள்ளை வளர்கிற கதை எழுதும்போது நாம் ஏன் அந்தப் பிள்ளை பார்த்ததை விட்டுவிட்டு, இப்போது நாம் ஏங்குவதை மட்டும் எழுதுகிறோம்? இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்த கதைகள் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் நினைவுகளையும் எழுதுங்கள்.

மேற்குமாம்பலம்:

மேடம், புளியோதரையை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. எனக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. என் பள்ளிக்கூடக் காலத்தில் மாமல்லபுரத்தோடு திருக்கழுக்குன்றமும் சேர்த்துத்தான் கூட்டிப்போவார்கள். அப்பா அம்மா இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டியது அன்றைக்குத்தான். கையில் இருந்த சில்லறை என்னுடையது, அதை எதில் செலவழிப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம். அந்த வயசுப் பையனுக்கு நரசிம்மவர்மனைவிட அது பெரிய விஷயம். அவன் அதைத்தான் பார்த்தான் என்றால், அதைத்தானே எழுத முடியும்?

ஆனால் கல்லைப் பற்றி ஒன்றுமே நினைவில்லை என்று சொல்லமாட்டேன். திருக்கழுக்குன்றம் மலையில் ஐந்நூறு படிக்கு மேல் ஏறி, உச்சி வெயிலில் கழுகுக்காகக் காத்திருப்போம். பண்டாரம் பாறை மேல் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காசியில் குளித்துவிட்டு, ராமேசுவரத்துக்குப் போகிற வழியில் இங்கே சாப்பிட வருகின்றன என்று தமிழய்யா சொல்லியிருந்தார். நாங்கள் அதை முழுசாக நம்பினோம். வெள்ளையாக, மஞ்சள் மூக்கோடு ஒன்று வந்து உட்கார்ந்தபோது, பேசிக்கொண்டிருந்த அத்தனை பையன்களும் வாயை மூடிக்கொண்டோம். மஞ்சள்முகப் பாறு என்பது அதன் பெயர், பிணந்தின்னிக் கழுகு வகை என்று பின்னால் படித்தேன். இப்போது அவை வருவதே இல்லை. 1990களோடு நின்றுபோயிற்று.

என் பேரனுக்கு அந்த மலையைக் காட்டலாம், படியைக் காட்டலாம். கழுகை எங்கே போய்க் காட்டுவது? அதற்கு ஏங்கத்தான் செய்வேன். அது தப்பா?

பழையபுத்தகக்கடை:

தப்பே இல்லை சார். கழுகு வந்து உட்கார்ந்ததும் பையன்கள் வாயை மூடிக்கொண்ட அந்த ஒரு வரியில் எல்லாமே இருக்கிறதே. மேடம் கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கதைகளுக்கு வருகிறேன். எனக்கு முதலில் ஞாபகம் வருவது கி. ராஜநாராயணனின் ‘கதவு’. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவுதான் விளையாட்டுச் சாமான். அதன்மேல் ஏறிக்கொண்டு ஆட்டி ஆட்டி ஊர் ஊராகப் போகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். அப்புறம் குளிர், வாடைக்காற்று, கைக்குழந்தைச் சாவு. கடைசியில் சாவடிக்குப் பின்னால் மண்ணும் கரையானுமாகக் கிடக்கிற தங்கள் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். வறுமை, வரி, அதிகாரம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் ஓரிடத்திலும் குறுக்கே வந்து, ‘பாருங்கள் எவ்வளவு கொடுமை’ என்று சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான் தெரிகிறது.

இன்னொன்று அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. செகந்திராபாத், 1947, 48. கிரிக்கெட் ஆடிக்கொண்டும் பசுமாட்டைப் பார்த்துக்கொண்டும் இருக்கிற பையன். நிஜாம் ஆட்சி முடிகிற கலவரம் மெல்ல மெல்ல அவன் தெருவுக்கு வந்து சேர்கிறது. கடைசியில் ஒரு வீட்டுக்குள் அவன் பார்க்க நேர்கிற காட்சியைப் படித்தவர்கள் மறக்க முடியாது. அங்கிருந்து அவன் ஓடுகிறான், நாவல் அதோடு முடிகிறது. சிறுபிராயம் அங்கே முடிந்துவிட்டது என்று தனியாகச் சொல்லவே தேவைப்படவில்லை.

இந்த இரண்டிலும் பழைய நாட்கள் மேல் அபாரமான பிரியம் இருக்கிறது. சாணி வாசனை, மாட்டுக் கொட்டகை, கதவின் மேல் ஒட்டிய தீப்பெட்டிப் படம் என்று ஒன்றையும் விடுவதில்லை. ஆனால் அந்த நாட்களுக்கு யாரோ விலை கொடுத்தார்கள் என்பதையும் மறைப்பதில்லை. சிறுபிராய ஏக்கத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

பெரம்பூர்லோகோ:

பழையபுத்தகக்கடை அண்ணன் விலை என்றதும் இதை எழுதத் தோன்றியது. இங்கே வழக்கமாகப் படித்துவிட்டுப் போகிறவன், எழுதுவதில்லை.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து மாமல்லபுரம் போனார்கள். நான் போகவில்லை. பஸ் காசு வீட்டில் இல்லை. கேட்டிருந்தால் அம்மா யாரிடமாவது வாங்கித் தந்திருப்பாங்க, அதனாலேயே கேட்கவில்லை. என்னை மாதிரி கொஞ்சம் பேர் இருந்தோம். எங்களைப் பக்கத்து வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த டீச்சர் நல்லவர். சமூக அறிவியல் புத்தகத்தில் இருந்த கடற்கரைக் கோயில் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார். கறுப்பு வெள்ளைப் படம், கட்டை விரல் அளவுதான் இருக்கும். இரண்டு கோபுரம், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. பெரிசுக்கு எத்தனை அடுக்கு என்று அந்தப் படத்தில் எண்ணவே முடியவில்லை. நானாக ஒரு கணக்கு வைத்து வரைந்தேன். கடலையும் வரைந்து, அதில் ஒரு கப்பலும் விட்டேன்.

மறுநாள் என் சிநேகிதன் சிப்பியில் செய்த சாவிக்கொத்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் வீட்டுக்குச் சாவியே கிடையாது, தாழ்ப்பாள்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அவன் அவ்வளவு தூரம் போயும் என்னை நினைத்திருக்கிறான் என்பது பெரிய சந்தோஷம். அதே நேரம் என் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்தது. நான் பெரியவனானது அன்றைக்குத்தான் என்று சொல்வேன்.

மாமல்லபுரத்தை நான் முதல்முதலாகப் பார்த்தது வேலைக்குப் போன பிறகு. டிசம்பர், ஜனவரியில் நடக்கிற நாட்டிய விழாவுக்கு லைட் கட்டுகிறவர்களோடு உதவி ஆளாகப் போனேன். அப்போது அர்ச்சுனன் தபசு முன்னால்தான் மேடை. முதல் நாள் ராத்திரி லைட்டைச் சரிபார்க்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். பக்கவாட்டிலிருந்து அடிக்கிற விளக்கைப் போட்டதும் யானை வயிற்றுக்குக் கீழே குட்டிகள் படுத்திருப்பது தெரிந்தது. பகலில் அந்த இடத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. மேஸ்திரி கூப்பிடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டூர் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் போனவர்கள். போகாதவர்களும் அந்த வகுப்பில்தான் இருந்தோம். எங்களையும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

நூலகப்பூனை:

பெரம்பூர்லோகோ, நீங்கள் எழுதியிருப்பதே அந்தக் கதைதான். தயவுசெய்து இதை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அழகுபடுத்த வேண்டாம். கட்டை விரல் அளவுப் படத்தில் அடுக்கு எண்ணிய பையனை எங்கள் குழுவில் வாசிக்க அனுமதி தருவீர்களா? உங்கள் பெயர் இல்லாமல் வாசிக்கிறோம்.

பெரம்பூர்லோகோ:

தாராளமா வாசிங்க மேடம்.

உளிச்சத்தம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மாமல்லபுரத்துக்காரன், சிற்பி குடும்பம். நீங்கள் எல்லாம் டூர் வந்த ஊரில் நான் வளர்ந்தேன். உங்கள் பஸ்கள் வந்து நிற்கிற இடத்துக்குப் பின்னால்தான் எங்கள் பட்டறை. சனி, ஞாயிறு ஆனால் சீருடைப் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு போவார்கள். பட்டறை வாசலில் நின்று எங்களையும் பார்ப்பார்கள். அந்த வயசில் எனக்கு அவர்கள் மேல் பொறாமை. அவர்களுக்கு இந்த ஊர் ஒருநாள் விளையாட்டு. எனக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வேலை.

நினைவுச்சின்னம், பாரம்பரியச் சின்னம் என்பதெல்லாம் போர்டில் இருந்த வார்த்தைகள். 1984ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பது நான் பெரியவனான பிறகு தெரிந்துகொண்ட சங்கதி. எங்களுக்கு வெண்ணெய் உருண்டைக்குப் பக்கத்துப் பாறைச் சரிவு சறுக்குமரம். அதில் சறுக்கிச் சறுக்கி எத்தனை டவுசர் கிழிந்தது என்று எங்கள் தெருப் பெண்களைக் கேட்டால் தெரியும். ஐந்து ரதத்துக் கல் யானை மேல் ஏறாத பையன் எங்கள் தெருவில் இல்லை.

எனக்குக் கொடுத்த முதல் வேலை துருத்தி சுற்றுவது. கருங்கல்லில் வேலை செய்தால் உளி சீக்கிரம் மழுங்கும். ஒருநாள் வேலைக்குக் கட்டுக்கட்டாக உளி வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் கரி உலையில் காய்ச்சி, தட்டி, முனை எடுத்து, தண்ணீரில் தோய்க்க வேண்டும். தோய்க்கிற பக்குவம்தான் முக்கியம். கூடிப்போனால் முனை உடையும், குறைந்தால் மடங்கும். முனையில் நிறம் மாறி வருவதை அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார், வைக்கோல் நிறம் தாண்டுகிற சமயத்தில் சட்டென்று தண்ணீரில் விடுவார். நான் துருத்தியைச் சுற்றிக்கொண்டே அந்த நிறத்தைக் கற்றுக்கொண்டேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

அடுத்தது குரங்குக் குடும்பம். அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில் தனிக் கல்லில் ஒரு குரங்கு இன்னொன்றுக்குப் பேன் பார்க்கும், குட்டி பால் குடிக்கும், பார்த்திருப்பீர்கள். அப்பா என்னை ஸ்லேட்டோடு அங்கே உட்காரவைத்து, ‘முகத்தை வரையாதே, கையை மட்டும் வரை’ என்றார். பேன் பார்க்கிற விரல் எப்படி மடங்குகிறது என்று தெரிந்தால் போதும் என்பார். எத்தனையோ சாயங்காலம் அதே கையை வரைந்தேன். அதற்கப்புறம் எந்தச் சிலையைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கைதான் தெரிகிறது.

நூலகப்பூனை மேடம், உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. அங்கே முடிக்காமல் விட்ட வேலைகள் நிறைய. ரதங்கள் மேலிருந்து கீழே செதுக்கியவை. ஒற்றைப் பாறையில் சாரம் கட்டாமல் வேலை செய்ய அதுதான் வழி. அதனால் மேல் நிலைகள் மினுக்கமாக இருக்கும், கீழே வரவரக் கரடாக இருக்கும். எந்த இடத்தில் கை நின்றது என்பது அப்படியே தெரியும். ராஜா மாறினாரா, படையெடுப்பா, பணமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அப்பா அதையெல்லாம் பேசமாட்டார். ‘இங்க பார், இந்த இடத்தில உளியை இடது கைப் பக்கமா சாய்ச்சிருக்கான்’ என்று காட்டுவார்.

மகனை மறுபடி கூட்டிவந்தால் ஒன்று காட்டச் சொல்லுங்கள். வெண்ணெய் உருண்டைக்குப் பின்பக்கம் குன்றில் சில பாறைகளில் சின்னச் சின்னச் சதுரக் குழிகள் ஒரே நேர்கோட்டில் வரிசையாக இருக்கும். அது பாறை பிளக்கக் குடைந்த குழி.

பழையபுத்தகக்கடை:

அந்தக் குழியில் மர ஆப்பு அடித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று படித்திருக்கிறேன். மரம் ஊறிப் பெருத்துப் பாறையைப் பிளந்துவிடும் என்கிறார்கள். உங்கள் பட்டறையில் அப்படிச் செய்து பார்த்தது உண்டா?

உளிச்சத்தம்:

எங்கள் காலத்தில் இரும்பு ஆப்புதான் சார். ஆனால் குழி போடுகிற முறை அதேதான். கல்லின் ஓட்டம் பார்த்து வரிசையாகக் குழி எடுத்து, ஆப்பை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவாக ஒரு தட்டு. ஒன்றை மட்டும் பலமாக அடித்தால் கல் கோணலாகப் போகும். சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டு வரும்போது சத்தம் மாறும். கணீர் என்று இருந்தது கொஞ்சம் அடைத்த மாதிரி ஆகும். அப்போது எல்லோரும் கையை நிறுத்திவிடுவோம். கல் தானாகப் பிளந்துகொள்ளும்.

மேற்குமாம்பலம்:

தம்பி, நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது நாங்கள் அந்த ஊரைப் பார்க்கவே இல்லை என்று தோன்றுகிறது. ஒரு சந்தேகம். இப்போது வேலி போட்டு, டிக்கெட் வைத்து, விசில் ஊதி விரட்டுகிறார்கள். நீங்கள் ஏறி விளையாடிய யானையை உங்கள் பிள்ளை தொட முடியாது. வருத்தம் இல்லையா?

உளிச்சத்தம்:

வருத்தம் இருக்கிறது சார். ஆனால் வேலி வேண்டும் என்றுதான் சொல்வேன். கல் சாகாது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கடற்கரைக் கோயிலின் கடல் பக்கத்துச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மூக்கு, கண், விரல் எதுவும் தெரியாது. உப்புக் காற்று தின்றுவிட்டது. உப்பு கல்லுக்குள் இறங்கிக் காய்ந்து படிகமாகும்போது மேல் தோல் பொரிந்து உதிரும். அதற்காகக் காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கிச் சுவரில் அப்பி வைப்பார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கிற உப்பை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் அதை உரித்து எடுத்துவிடுவார்கள். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. சின்ன வயசில் அதைப் பார்த்து, கோயிலுக்கு உடம்பு சரியில்லை, பத்துப் போடுகிறார்கள் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

லட்சக்கணக்கான பேர் வருகிற இடம். எல்லோரும் யானை மேல் ஏறினால் யானை என்னவாகும்? என் பிள்ளை ஏற வேண்டாம். உட்கார்ந்து வரையட்டும். பதினைந்து வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. இப்போது பட்டறையில் கட்டரும் கிரைண்டரும்தான் ஓடுகின்றன. மாமல்லபுரம் கல் சிற்பத்துக்கு 2017ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் துருத்தி சுற்ற ஒரு பையன் தேவைப்படுவதில்லை. அவன் உலை நிறத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வழி இல்லை. நான் அந்தத் தூசியில் வளர்ந்தது நல்லது என்றும் சொல்லமாட்டேன். அப்பா கடைசிக் காலத்தில் மூச்சுவிடப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். என் மகன் முகமூடி போடாமல் பட்டறைக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறேன்.

மண்ணடிப்பெண்:

மாமல்லபுரத்திலிருந்து கொஞ்சம் வடக்கே வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் பலருக்கு அது ஆபீஸ். எனக்கு அது மியூசியம். சின்ன வயசில் மாமா கூட்டிப்போவார். 1680ல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம், பெரிய பீரங்கிகள், வாட்கள், பழைய நாணயங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி இப்போது அங்கேதான் கண்ணாடிக்குள் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது கார்ன்வாலிஸ் சிலை பற்றி. வெள்ளைப் பளிங்கில் ஓங்கி நிற்கிற சிலை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். எட்டு வயதுப் பெண்ணுக்கு அவர் முகம் தெரியாது. எனக்குத் தெரிந்தது பீடம். பீடத்தில் செதுக்கிய காட்சியில் இரண்டு சின்னப் பையன்கள் இருக்கிறார்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு, பெரியவர்கள் நடுவில் நிற்கிறார்கள். மாமாவிடம் யார் என்று கேட்டேன். திப்பு சுல்தானின் பிள்ளைகள் என்றார். 1792ல் மூன்றாவது மைசூர்ப் போரில் தோற்றபோது, ஒப்பந்தப்படி பணத்தைக் கட்டி முடிக்கும் வரைக்கும் தன் இரண்டு மகன்களைத் திப்பு பிணையாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவர்களை மதராஸுக்குக் கொண்டுவந்தார்கள். பெரியவனுக்கே பத்து வயதுதான் இருக்கும். 1794ல்தான் அப்பாவிடம் திரும்பிப் போனார்கள்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் அப்பா கடன்பட்டால் என்னையும் தம்பியையும் யாராவது கூட்டிப்போவார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்ன பதில் சொன்னார் என்பது மறந்துவிட்டது, அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை.

சிலை செய்தவர்கள் அதை ஜெயித்தவரின் பெருந்தன்மையாகக் காட்டத்தான் செதுக்கினார்கள். ஆனால் குழந்தை உயரத்தில் நின்று பார்த்தால் தெரிவது அந்த இரண்டு பையன்கள்தான். நூலகப்பூனை அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில் இது. நினைவுச்சின்னத்தைப் பெரியவர்கள் மேலே பார்த்து எழுதுகிறோம், பிள்ளைகள் பீடத்தைப் பார்க்கிறார்கள். இந்த ஊரில் ஒரு சிறுபிராயக் கதை எழுத வேண்டுமென்றால், இரண்டு வருடம் அப்பாவைப் பார்க்காமல், பேச்சு புரியாத ஊரில், எல்லோரும் வேடிக்கை பார்க்க வளர்ந்த அந்தப் பிள்ளைகளை எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மேற்குமாம்பலம்:

படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை அம்மா. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? தூக்கம் போயிற்று என்கிறீர்களே. கொஞ்ச நாள் கழுகு காசியிலிருந்து வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

மண்ணடிப்பெண்:

கோபமே இல்லை ஐயா. நான் கேட்டேன், மாமா உள்ளதைச் சொன்னார். கேட்காத குழந்தைக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் கேட்கிற குழந்தைக்கு மழுப்பினால் அதற்குத் தெரிந்துவிடும். அந்த மியூசியத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போனதே அந்தப் பையன்களைப் பார்க்கத்தான். தூக்கம் போனது ஒரு ராத்திரி. அவர்கள் மேல் வந்த பாசம் இன்றுவரை இருக்கிறது.

பழையபுத்தகக்கடை:

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. மேற்குமாம்பலம் சார் நம்பிய கழுகுக் கதையை எழுதும்போது, ‘பின்னால் அது பிணந்தின்னிக் கழுகு என்று தெரிந்தது’ என்று ஒரு வரி எழுதினார் பாருங்கள். நம்பிக்கையும் போகவில்லை, உண்மையும் மறையவில்லை. நாம் படிக்கிற பல நினைவுக் குறிப்புகளில் அந்த இரண்டாவது வரி இருக்காது. அது இல்லாதபோதுதான் எனக்குப் படிக்கப் பிடிப்பதில்லை.

நூலகப்பூனை:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் குழுவில் இதை அப்படியே பேசப் போகிறேன். அடுத்த மாதத்துக்கு வேறு மாதிரி கேட்கலாம் என்று இருக்கிறேன். டூர் எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம். அங்கே நீங்கள் நின்று பார்த்த ஒரே ஒரு பொருள், அது எந்த உயரத்தில் இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் வரவில்லை. இவ்வளவு மட்டும். புளியோதரை கண்டிப்பாக இருக்கலாம், மேற்குமாம்பலம் சார்.

பூனையைச் சுற்றி நிற்கிற எலிகள் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு என் மகன் இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறான். பூனை பொய்த்தவம் செய்கிறது என்று கைடு சொன்னதை அவன் ஏற்கவில்லை. ‘பூனைக்கு விலா எலும்பு தெரியுது, அது நிஜமாவே சாப்பிடாம இருக்கு’ என்கிறான். அதையும் அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உளிச்சத்தம், குழுவில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒருநாள் வரலாமா? நீங்கள் கூட இருந்து காட்டினால் நன்றாக இருக்கும். பெரம்பூர்லோகோ, நீங்களும் வர வேண்டும். மண்ணடிப்பெண், உங்கள் மியூசியத்துக்கு இன்னொரு நாள்.

பெரம்பூர்லோகோ:

ஞாயிறு என்றால் வருகிறேன் மேடம். என் பெண்ணையும் கூட்டி வரேன். அவள் இன்னும் பார்க்கவில்லை.

மண்ணடிப்பெண்:

கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை விடுமுறை அக்கா, மற்ற நாட்களில் சொல்லுங்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும், எல்லோரும் அடையாள அட்டை எடுத்து வரவும்.

உளிச்சத்தம்:

வாங்க, வாங்க. ஆனால் காலையில் சீக்கிரம் வரவேண்டும். அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேராக விழும். கொஞ்சம் ஏறியதும் வெயில் சாய்வாக அடிக்கும்போதுதான் உருவங்கள் நன்றாகப் பிரிந்து தெரியும். பத்து மணிக்குமேல் கூட்டமும் வந்துவிடும். ஐந்து ரதத்தில் நிழல் குறைவு, அதை முதலில் முடித்துவிடலாம். பிள்ளைகளுக்குத் தொப்பி, தண்ணீர். பென்சிலும் கோடு போடாத நோட்டும் ஆளுக்கொன்று. குரங்குக் கையில் ஆரம்பிப்போம். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு முகமூடி நானே வைத்திருக்கிறேன்.